புது எம்.எல்.ஏ.வுக்கு சமாதான விருது, இப்பவே கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் பக்கம் மீனவக் கிராமம் எங்களுடையது. சுருக்குமடி வலை (மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் பெரிய வலை) தகராறில் பக்கத்து ஊரோடு பேச்சே நின்றுபோயிருந்தது. புதிதாக ஜெயித்த எம்.எல்.ஏ. மே மாதம் இரண்டு ஊரையும் உட்கார வைத்துப் பேசினார். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் விழா வைத்து அவருக்கு எங்கள் மன்றத்தின் சமாதான விருதைக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். ஒபாமாவுக்கே கொடுத்தார்களே என்று வேறு சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: ஒபாமா கதையையே எடுத்துக்கொள்வோம். அவர் பதவியேற்றது 2009 ஜனவரி 20. அந்த வருட நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரை அனுப்பக் கடைசி நாள் பிப்ரவரி 1, அதாவது நாற்காலியில் உட்கார்ந்து பன்னிரண்டு நாள். அக்டோபரில் அறிவித்தார்கள். டிசம்பர் 10 ஆஸ்லோவில் பரிசை வாங்கினார், ஆனால் அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் 30,000 படைவீரர்களை அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார். (காந்திக்கு ஐந்து தடவை பரிந்துரை போயும் கொடுக்காத குழு இது, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) நோபல் குழுவின் செயலாளராக இருந்த கெய்ர் லுண்டெஸ்டாட் 2015-ல் எழுதிய புத்தகத்தில், ஒபாமாவுக்குக் கொடுத்ததில் நினைத்த பலன் கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். எத்தியோப்பியப் பிரதமர் அபி அகமதுவுக்கு 2019-ல், எரித்ரியாவோடு சமாதானம் செய்ததற்காகக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் நவம்பரில் அவர் நாட்டுக்குள்ளேயே டிக்ரேயில் போர். கொடுத்த பரிசைத் திரும்ப வாங்க நோபல் விதியில் இடமில்லை, உங்கள் மன்றத்திலும் இருக்காது.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். அந்தக் கூட்டம் நடந்தது மே மாதம். நம் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடக்க, ஆட்கள் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில் சமாதானம் பேசுவது சுலபம்தான், சண்டைக்கே வழியில்லையே. ஜூன் 15 விடிகாலை படகு இறங்கி, யார் வலை யார் எல்லையில் விழுகிறது என்று வரும்போதுதான் பேசியது நிற்கிறதா என்று தெரியும். அதற்குள் விழா வைக்கவேண்டும் என்று அவசரப்படுகிறவர் யாரென்று கொஞ்சம் விசாரியுங்கள்.

எம்.எல்.ஏ. செய்தது சின்ன விஷயம் இல்லை. கூப்பிட்டு பொன்னாடை போர்த்தி நன்றி சொல்லுங்கள், அது போதும். விருதை அடுத்த வருடத் தடைக்காலத்துக்குத் தள்ளிவையுங்கள். தேர்வு செய்கிற ஐந்தாறு பேரில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் ஒருவரும் வேண்டாம், பக்கத்து ஊர் ஆள் ஒருவராவது இருக்கட்டும். என்ன செய்ததற்காகக் கொடுக்கிறோம் என்று தேதியோடு ஒரே வரியில் எழுதிப் பாருங்கள், எழுத வரவில்லையென்றால் விருதுக்கு நேரம் வரவில்லை. ஒரு வருடம் அமைதி நின்றால், கோபக்கார இளவட்டங்களை அடக்கிவைத்த இரண்டு ஊர் பஞ்சாயத்தாரையும் சேர்த்தே மேடையேற்றுங்கள், பாதி வேலை அவர்களுடையது.

கேடயம் செய்யக் கொடுத்தாயிற்று என்றால் கடைக்காரருக்கு இன்றைக்கே போன் போட்டு, பெயரை மட்டும் பொறிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.