வெளிநாட்டுத் தமிழர்களுக்கு சினிமா கிசுகிசு மீது ஏன் இவ்வளவு மோகம்? டர்பனிலிருந்து ஒரு தவில்காரனின் பதில்

கேள்வி இது: "வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் நடிகர் நடிகைகளைப் பற்றிய கிசுகிசுவை விழுந்து விழுந்து படிக்கிறார்களே, ஏன்? நீங்களும் படிப்பதுண்டா?"

படிப்பேன். காலையில் பால் காய்வதற்குள் நாலு யூடியூப் தலைப்பாவது பார்த்துவிடுவேன். யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் படம் ஏன் பாதியில் நிற்கிறது, யார் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார் என்பதெல்லாம் தெரியாவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. கிசுகிசுவை நான் படிக்கிறவன் மட்டும் இல்லை, மொழிபெயர்க்கிறவனும்கூட. சம்பளம் கிடையாது.

ஊர் திருவாரூர் பக்கம். தொழில் தவில். 2017லிருந்து தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு கோயிலில் ஒப்பந்தத்துக்கு வாசிக்கிறேன். நாகஸ்வரம் அண்ணன் ஒருவர், குருக்கள் ஒருவர், நான், மூன்று பேரும் கோயிலுக்குப் பின்னால் ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்களுக்குள் நாள் முழுக்கத் தமிழ்தான். வாசல்படியைத் தாண்டினால் ஆங்கிலம்.

இங்கே இருக்கிற நம் ஜனங்கள் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்து இறங்கிய முதல் கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் வம்சம். முதலியார் இங்கே மூட்லி ஆகியிருக்கிறார், கவுண்டர் கவெண்டர் ஆகியிருக்கிறார், பிள்ளை பில்லே. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள், ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அந்தச் சிரத்தையை நம்மூரில் நான் பார்த்ததில்லை. தமிழ் மட்டும் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் நான் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் சன் டிவி ஓடிக்கொண்டிருக்கும். வசனம் புரியாது. மாமியார் கண்ணை உருட்டுவதையும் பின்னணியில் இடி இடிப்பதையும் வைத்தே கதையைப் பிடித்துவிடுகிறார்கள். ஒருமுறை நான் உட்கார்ந்து வரிக்கு வரி சொல்லிப் பார்த்தேன். அவர்கள் பிடித்து வைத்திருந்த கதை ஒரிஜினலைவிட நன்றாகவே இருந்தது.

கல்யாணத்துக்கு வாசிக்கப் போனால், தாலி கட்டி கெட்டிமேளம் முடிந்து நாங்கள் இலையில் உட்காரும்போது நாலு ஆன்ட்டிகள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். என்ன ராகம் வாசித்தீர்கள் என்று ஒருவரும் கேட்டது கிடையாது. "அண்ணா, அந்த சீரியல் பொண்ணு நிஜமாவே புருஷனை விட்டுட்டாளா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆளுக்கொரு போனை நீட்டுவார்கள். அதில் ஏதோ ஒரு தமிழ் வீடியோ. படித்துச் சொல், கேட்டுச் சொல்.

ஏன் இந்த மோகம் என்றால் என் பதில் இதுதான். கோயிலில் நாங்கள் கொடுப்பதெல்லாம் பழையது. பாட்டும் பழையது, அவர்களுக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லும் பாட்டன் காலத்தது. ஊரிலிருந்து இன்றைக்குக் கறந்த பாலாக வந்து சேர்வது கிசுகிசு ஒன்றுதான். சென்னையில் நேற்று ராத்திரி நடந்ததை இன்று காலை தெரிந்துகொண்டால், அந்த ஊரோடு இன்னும் ஒரு கயிறு அறாமல் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அரசியல் அவர்களுக்குச் சிக்கல், கிரிக்கெட்டுக்கு இங்கேயே அணி இருக்கிறது. மிச்சம் இருப்பது சினிமாக்காரர் குடும்பம்தான்.

மொழிபெயர்க்க ஆரம்பித்த பிறகுதான் நம் கிசுகிசு எவ்வளவு தந்திரமான எழுத்து என்று புரிந்தது. பெயரே சொல்லாமல் எழுதுவார்கள் இல்லையா, "மூன்றெழுத்து நடிகை" என்று? அதை அப்படியே ஒரு ஆன்ட்டியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் விரல்விட்டு ஆங்கில எழுத்தை எண்ண ஆரம்பித்தார். ஒரு நடிகையும் மூன்று எழுத்தில் அடங்கவில்லை. இட்லி ஆறிப்போகும்வரை எண்ணினார்.

அது சிரிப்பு. சிரிப்பில்லாத விஷயம் ஒன்று உண்டு. தமிழ்க் கிசுகிசுவின் உயிர் அந்த ‘ஆம்’ தான். "பிரிந்துவிட்டார்களாம்." "சம்பளம் பாக்கியாம்." "இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லையாம்." எழுதியவர் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பொய்யானால் என்னைக் கேட்காதே என்கிற மொத்தப் பத்திரமும் அந்த ஒரு வாலில் இருக்கிறது. நாம் படிக்கும்போதும் அதற்குத் தக்கபடி பாதி உப்பைக் கழித்துவிட்டே படிக்கிறோம். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்த வால் விழுந்துவிடுகிறது. "சொல்றாங்க", "கேள்விப்பட்டேன்" என்று தனியாகச் சேர்த்துச் சொல்லலாம்தான். பந்தியில், வாயில் வடையை வைத்துக்கொண்டு, யார் சேர்க்கிறார்கள்? பிரிந்துவிட்டார்களாம் என்பது பிரிந்துவிட்டார்கள் என்று ஆகிவிடும். ஒரே வாரத்தில், டர்பனில் நம் ஜனங்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஃபீனிக்ஸ் வரை அது ஊரறிந்த சத்தியமாகிவிடும்.

இப்போதெல்லாம் தமிழிலேயே அந்த ‘ஆம்’ தேய்ந்து வருகிறது என்பது தனிக் கதை. யூடியூப் தலைப்பில் "வெளியான உண்மை", "கதறி அழுத நடிகை", "அதிர்ச்சியில் திரையுலகம்". உள்ளே போனால் ஒருவரும் கதறியிருக்க மாட்டார். கவுண்டமணி சாரை எத்தனை தடவை சாகடித்தார்கள்! அவர் பாட்டுக்கு இருந்துகொண்டிருந்தார்.

முன்பு மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. லட்சுமிகாந்தன் ஞாபகம் வருகிறதா? ‘சினிமா தூது’ என்று பத்திரிகை நடத்தி நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதினார். நடிகர்கள் கவர்னர் வரை போய் அதை நிறுத்தினார்கள். உடனே ‘இந்து நேசன்’ என்று இன்னொன்று. 1944 நவம்பர் 8ம் தேதி சென்னையில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்து, மறுநாள் இறந்துபோனார். அந்தத் தீபாவளிக்குத்தான் தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் வந்திருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் கைது செய்தார்கள், ஆயுள் தண்டனை ஆயிற்று. அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947ல்தான் விடுதலை. கலைவாணர் மறுபடி எழுந்து நின்றார். பாகவதர் எழவில்லை. எங்கள் பக்கத்து வித்வான்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது, எழுதினவன் போனான், எழுதப்பட்டவனும் போனான் என்பார்கள். அப்போதும் வாங்கிப் படித்தவர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா இருக்கிறார். எண்பதை நெருங்கியவர். சமையலறைத் தமிழ் கொஞ்சம் வரும், "சாப்ட்டியா தம்பி" வரை. எஸ்.பி.பி என்றால் உயிர். 1969ல் எம்.ஜி.ஆருக்கு அவர் பாடிய முதல் பாட்டை அர்த்தம் தெரியாமல் முழுக்கப் பாடுவார், ஒரு எழுத்து பிசகாது. அவருடைய வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தேழு பேர். எல்லாரும் அவர் வயசு, அவர் ஜாடை. செய்தி சப்ளை நான்.

2020 ஆகஸ்ட் 5ம் தேதி எஸ்.பி.பி கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். லேசான தொந்தரவுதான், யாரும் போன் பண்ணாதீர்கள் என்று அவரே வீடியோவில் சொன்னார். அதை ஆயாவுக்குச் சொன்னேன். 13ம் தேதி ராத்திரி நிலைமை மோசமாயிற்று. அதையும் சொன்னேன். 20ம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் அவர் பாட்டைப் போட்டு வேண்டிக்கொள்ளுங்கள் என்று பாரதிராஜா கேட்டாரே, அது இங்கே மத்தியானம் இரண்டரை. பட்டப்பகலில் ஆயா விளக்கேற்றி வைத்துக்கொண்டு வீடியோ கால் போட்டார். எங்களுக்கும் வேலை இல்லை, ஊரடங்கில் கோயில் சரியாகத் திறக்கவில்லை. நாகஸ்வரம் அண்ணன் போன் முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் வாசித்தார்.

24ம் தேதி திங்கள்கிழமை. இங்கே பொழுது விடியும்போது சென்னையில் பத்து மணி ஆகியிருக்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு போனை எடுத்தால், எஸ்.பி.பிக்கு நெகட்டிவ் வந்துவிட்டதாம். வந்துவிட்டது என்று இல்லை, வந்துவிட்டதாம். நான் படித்தது அப்படித்தான். ஆனால் சந்தோஷத்தில் குழுவுக்கு ஆங்கிலத்தில் நான் போட்ட வாய்ஸ் நோட்டில் அந்த ‘ஆம்’ இல்லை. எஸ்.பி.பி நெகட்டிவ், இனி பயமில்லை. அவ்வளவுதான். பல் தேய்க்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் எஸ்.பி.பியின் மகன் சரண் மறுத்திருக்கிறார். நெகட்டிவோ பாசிட்டிவோ, அப்பா இன்னும் எக்மோ என்கிற செயற்கை நுரையீரல் கருவியிலும் வென்டிலேட்டரிலும்தான் இருக்கிறார், வதந்தியைப் பரப்பாதீர்கள் என்று.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டேன், இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டேன். மத்தியானம் கோயில் கேட்டுக்கு வெளியே கார் சத்தம். ஆயாவின் பேரன், முகக்கவசத்தோடு, கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா. திறந்தால் சேமியாப் பாயசம், இன்னும் சூடு. மேலே நெய்யில் முந்திரி மிதக்கிறது, மூடியின் உட்பக்கம் முழுக்க ஆவி. "ஆயா செலிபிரேட் பண்றாங்க, தெருவுக்கே குடுத்தாச்சு" என்றான் ஆங்கிலத்தில். அண்ணன் என்னைப் பார்த்தார். "போன் பண்ணிச் சொல்லிடுடா. டப்பாவைக் கீழ வச்சுட்டு சொல்லு" என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பாயசம் ஆறும் தம்பி. சாப்பிடு" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். தமிழில் இப்படி ஒரு ‘ஆம்’ இருக்கிறது ஆயா, அதை நான் விட்டுவிட்டேன் என்று. "ஆம்னா யெஸ் தானே?" என்றார். அவருக்குத் தெரிந்த சொல்லாயிற்றே. தனியாக நின்றால் யெஸ், இன்னொரு சொல்லின் வாலில் ஒட்டினால் ‘எனக்குத் தெரியாது, யாரோ சொன்னது’ என்றேன். சிரித்துவிட்டார். இவ்வளவு கோணலான பாஷையா அது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பிறகு அவராகவே ஒரு கதை சொன்னார். 1967ல் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட செய்தி டர்பனுக்கு வந்தபோது, எம்.ஜி.ஆர் செத்துப்போனார் என்றுதான் வந்ததாம். (பாருங்கள், நானும் ‘ஆம்’ போட்டுவிட்டேன்.) அப்போது இந்த நாட்டில் டிவி கிடையாது, 1976ல்தான் வந்தது. கரஞ்சா கப்பலில் பம்பாயிலிருந்து வந்து இறங்கிய யாரோ சொன்னால் அதுதான் செய்தி. ஆயாவும் தங்கச்சிகளும் இரண்டு நாள் அழுதிருக்கிறார்கள். கொஞ்ச காலம் கழித்து கிரே தெரு ஷாஜகான் தியேட்டரில் புதுப் படம் போட்டால் எம்.ஜி.ஆர் வந்து நிற்கிறார், குரல் மட்டும் கரகரவென்று மாறியிருக்கிறது. "செத்தவன் பேசினா அப்படித்தான் இருக்கும்னு என் தங்கச்சி பயந்துட்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் பாயசத்தை அப்போதுதான் வாயில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், எந்தச் செய்தி கொடுத்தாலும் ஆயாவின் முதல் கேள்வி "வித் ஆம்? வித்தவுட் ஆம்?" என்பதுதான். குழுவில் மற்ற கிழவிகளும் பிடித்துக்கொண்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வித் ஆம். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போய் பாதிச் செய்தியைச் சொல்லாமலே விட்டேன்.

செப்டம்பர் 25 வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே வீடியோக்கள், கறுப்புப் பின்னணியில் படங்கள். எதையும் அனுப்பவில்லை. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சீவாளியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சரணே வந்து சொன்னார். சென்னையில் மத்தியானம் 1.04க்கு. இங்கே 9.34.

ஆயாவுக்கு போன் போட்டேன். எடுத்ததும் அவர் ஹலோகூடச் சொல்லவில்லை.

"வித் ஆம்?"

"இல்ல ஆயா."

வைத்துவிட்டார். குழுவில் நான் ஒன்றும் போடவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவரே ஒரு வாய்ஸ் நோட் போட்டார். பெயரைச் சொன்னார், போய்விட்டார் என்றார், கொஞ்சம் மூச்சு வாங்கினார். கடைசியில் இரண்டே சொல்: "நோ ஆம்."