அழுத்தம் மாறும்போது உடலுக்குள் நடப்பது: ஆழ்கடலும் ஆகாயமும் – கேள்வி பதில்

கேள்வி: சார், விமானம் ஏறும்போது காது அடைப்பதோடு சரி. இறங்கும்போதுதான் உயிர் போகிற வலி. ஏன்?

பதில்: நடுக்காதையும் தொண்டையின் பின்பக்கத்தையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் ஒருவழிக் கதவு மாதிரி. ஏறும்போது நடுக்காதில் உள்ள காற்று விரிந்து, தானாகவே வழி திறந்து வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். ஆனால் குழாயின் தொண்டைப் பக்கம் மென்மையானது, வெளியழுத்தம் கூடினால் ஒட்டிக்கொள்ளும். தசை இழுத்தால்தான் திறக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தத் தசை இழுக்கிறது. அழுத்த வித்தியாசம் ஏறக்குறைய 90 மி.மீ. பாதரசத்தைத் தொட்டுவிட்டால் தசையாலும் முடியாது. ஆகவே விமானம் இறங்கத் தொடங்கும்போதே தூங்குபவரை எழுப்பிவிடுங்கள்.

கடலில் அதே 90 மி.மீ. வெறும் 1.2 மீட்டர் ஆழத்திலேயே வந்துவிடுகிறது. டைவிங் பழகுபவர்கள் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தலை தண்ணீருக்குள் போனதுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதத் தொடங்கி, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் ஊதிக்கொண்டே இறங்குங்கள். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலமாக முக்காதீர்கள். முக்கினால் மண்டைக்குள் ஏறும் அழுத்தம் உள்காதுக்கும் பரவும். அங்கே நடுக்காதைப் பார்த்திருக்கும் சிறு துளையான வட்டச் சாளரத்தின் சவ்வு கிழிந்தால் தலைச்சுற்றலும், சிலருக்கு நிரந்தரச் செவிட்டுத்தன்மையும் மிஞ்சும்.

கேள்வி: கைக்குழந்தைக்கு மூக்கைப் பிடித்து ஊதத் தெரியாதே?

பதில்: விமானம் இறங்கத் தொடங்கியதும் நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள். விழுங்கினால் போதும்.

கேள்வி: லேசான சளி. மூக்கடைப்புக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டு டைவ் செய்யலாமா?

பதில்: கூடாது. அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்துவிட்டால் குழாய் மறுபடி வீங்கும். மேலே வரும்போது விரிகிற காற்றுக்குப் போக்கிடம் இருக்காது. இறங்கும்போது காது அடைத்தால் திரும்பிவிடலாம். ஏறும்போது அடைத்தால் சிலிண்டரில் காற்று உள்ளவரைதான் உங்களுக்கு நேரம்.

கேள்வி: நாங்கள் 3 மீட்டர் ஆழக் குளத்தில்தான் சிலிண்டர் பயிற்சி செய்கிறோம். அங்கே ஒன்றும் ஆகாதுதானே?

பதில்: ஆகும். இந்த நினைப்புதான் எனக்குப் பெரிய பயம். 3 மீட்டரில் அழுத்தம் தண்ணீருக்கு மேலே இருப்பதைப் போல் 1.3 மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய 6 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது 7.8 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அவ்வளவு விரியாது, கிழியும். காற்று ரத்தத்தில் புகுந்து இதயத்தின் இடப்பக்கம் வழியாக மூளைக்குப் போகும். நுரையீரல் நிறைந்திருந்தால் 1.2 மீட்டரே போதும்.

30 மீட்டரிலிருந்து 20க்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. 10 மீட்டரிலிருந்து மேலே வரும்போது இரண்டு மடங்காகிறது. அதனால் கடைசிப் பத்து மீட்டரில்தான் அதிகக் கவனம் வேண்டும்: நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது, 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள், மூச்சை அடக்கவே அடக்காதீர்கள். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வாயிலிருந்து நழுவிவிட்டாலும் “ஆ…” என்று சொல்லிக்கொண்டே காற்றை விட்டபடி வாருங்கள்.

கேள்வி: டைவ் முடிந்து எத்தனை மணி நேரம் கழித்து விமானம் ஏறலாம்?

பதில்: ஒரே ஒரு டைவ், இடைநிறுத்தம் (உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது; முன்பு சொன்ன 3 நிமிடப் பாதுகாப்பு நிறுத்தம் இதில் சேராது) தேவைப்படாத ஆழமும் நேரமும் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாள் தொடர்ச்சி என்றால் 18. இடைநிறுத்தம் கட்டாயமான டைவ் என்றால் 18ஐ விட நன்றாகவே அதிகம். 24க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆனால் கேபினில்தான் அழுத்தம் ஏற்றி வைத்திருக்கிறார்களே?

பதில்: தரை மட்டத்துக்கு ஏற்றுவதில்லை. கேபின் 8,000 அடி உயரம் வரை போகலாம். அங்கே அழுத்தம் முக்கால் பங்குதான். உடலில் கரைந்து மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழாக அது போதும். கார் மலைப்பாதையில் 2,000 அடிக்கு மேல் ஏறினாலும் இதே கணக்குதான்.

கேள்வி: எனக்கு ஒரே டைவ்தான். 6 மணி நேரம் போதுமா?

பதில்: 12. மேலே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மேலே வந்தபின் நைட்ரஜன் குமிழால் தோள் வலித்தால், மறுபடி இறங்கிவிட்டால் குமிழ் சுருங்கிவிடுமே? இதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறையான பிரஷர் சேம்பரிலும் அதைத்தானே செய்கிறார்கள்?

பதில்: குமிழ் சுருங்கும், வலியும் குறையும். அதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே நீங்கள் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். இறங்கிய நேரமெல்லாம் இன்னும் ஏற்றிக்கொள்கிறீர்கள். சேம்பரில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம் தருகிறார்கள், ஆனால் சுத்த ஆக்ஸிஜனோடு. 20 நிமிடம் ஆக்ஸிஜன், 5 நிமிடம் காற்று என்று மாறி மாறி, வழக்கமான அட்டவணை 4 மணி 45 நிமிடம் ஓடும். உங்கள் 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் இருந்தால் 2,400 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 18 மீட்டரில் 56 லிட்டர் இழுப்பார். 43 நிமிடத்தில் காலி.

கேள்வி (அவரே): அப்படியானால் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு இறங்கலாமே!

பதில்: 18 மீட்டரில் சுத்த ஆக்ஸிஜன் வலிப்பு வரவழைக்கும். சேம்பரில் வலிப்பு வந்தால் மாஸ்க்கை எடுத்துவிடுவார்கள், அடங்கிவிடும். தண்ணீரில் வாயிலிருந்து ரெகுலேட்டர் விழும், மூழ்கிவிடுவீர்கள்.

கேள்வி (இன்னொருவர்): தொலைதூரத் தீவுகளில் செய்வதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் ஒரேயடியாக மறுக்கிறீர்களே?

பதில்: செய்கிறார்கள். 9 மீட்டருக்கு மேற்படாத ஆழம், முகம் முழுக்க மூடும் மாஸ்க், பக்கத்தை விட்டு நகராத துணை ஆள், மேலே கயிறு பிடிக்க ஒருவர், போதிய ஆக்ஸிஜன், முன்கூட்டியே பயிற்சி. இத்தனையும் இருந்து, சேம்பர் எட்டாத தூரத்தில் இருந்தால்தான் அந்தப் பேச்சே. இதில் ஒன்று குறைந்தாலும் படகிலேயே படுக்கவைத்துச் சுத்த ஆக்ஸிஜன் கொடுங்கள்.

கேள்வி: பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், விமானத்தில் போகலாமா?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். இங்கே பேசுவது வெளியழுத்தம்.

கேள்வி: விமானத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் விழுந்தால், முதலில் நமக்கா, குழந்தைக்கா?

பதில்: உங்களுக்கு. 35,000 அடியில் தெளிவாகச் செயல்பட 30 முதல் 60 நொடிதான் கிடைக்கும். மூச்சு முட்டாது, வலிக்காது; சிலருக்கு உற்சாகமாகக்கூட இருக்கும். 2005 ஆகஸ்ட் 14இல் ஹீலியோஸ் 522 விமானத்தில் அழுத்தம் ஏற்றும் சுவிட்ச் கைமுறை நிலையில் இருந்ததை விமானிகள் கவனிக்கவில்லை. 121 பேரும் இறந்தார்கள்.

கேள்வி: விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு வைத்திருக்கிறார்கள். பறக்கலாமா?

பதில்: வாயு முழுக்கக் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை கூடாது. கேபினில் அது விரிந்து, கண்ணின் ரத்த ஓட்டத்தையே நிறுத்திப் பார்வையைப் பறிக்கலாம்.

கேள்வி: நேற்று மூன்று டைவ். இன்று காலையிலிருந்து வலது கை விரல்கள் மரத்திருக்கின்றன. 18 மணி நேரம் ஆகிவிட்டது, இரவு விமானம் ஏறலாம்தானே?

பதில்: ஏறாதீர்கள். விரல் மரத்துப்போவது நைட்ரஜன் குமிழின் அறிகுறியாக இருக்கலாம். 18 மணி நேரக் கணக்கு அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு. தானாகச் சரியானாலும் ஏறாதீர்கள். இப்போதே அவசரப் பிரிவுக்குப் போய், டைவ் செய்த ஆழம், நேரம், மேலே வந்த மணி மூன்றையும் சொல்லி ஆக்ஸிஜன் கேளுங்கள். ஆழத்தையும் நேரத்தையும் பதிவுசெய்யும் டைவ் கம்ப்யூட்டரையும் கொண்டுபோங்கள். பக்கத்தில் சேம்பர் எங்கே என்று அவர்களையே விசாரிக்கச் சொல்லுங்கள். நீங்களாக வண்டி ஓட்ட வேண்டாம்.