ஹனோயில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்?

அன்புள்ள சார்,

ஆளாளுக்கு வியட்நாமைப் புகழ்கிறார்களே என்று ஒரு டூர் குழுவோடு ஹனோய் போய் வந்தோம். ஏமாற்றம்தான். ஃபோ, ஃபோ என்று அந்த ஊர் நூடுல்ஸ் சூப்பைப் புகழ்கிறார்கள். ஹோட்டல் பஃபேயில் ஒரு கிண்ணம் வாங்கினேன், வெந்நீரில் சேமியாவைப் போட்ட மாதிரி இருந்தது, உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. மதியமும் இரவும் டூர்க்காரர்கள் இந்திய உணவகத்துக்கே கூட்டிப் போனார்கள். என் மனைவி சைவம், தெருவில் எதையும் வாங்கிச் சாப்பிடப் பயம். எங்கு பார்த்தாலும் ஸ்கூட்டர், நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. இதற்கா இவ்வளவு செலவு? எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் ரசனைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் பேருந்தில் ஏற்றி, மாலையில் இறக்கிவிட்டால் ஹனோய் கண்ணில் படாது. அந்த ஊர் ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறது. ஹோவான் கியெம் ஏரிக்கரையில் அந்த நேரத்தில் போய் நின்றால் தெரியும், பாட்டிகள் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஆடுவார்கள், பக்கத்தில் பூப்பந்து, இன்னொரு பக்கம் தாய்ச்சி என்கிற சீன உடற்பயிற்சி. வெயில் ஏறினால் எல்லாரும் காணாமல் போய்விடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்காரர் கடையிலேயே படுத்துத் தூங்குவார், அவரை எழுப்பி விலை கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

சாப்பாடும் இப்படித்தான், நேரத்தோடு கட்டுப்பட்டது. நல்ல கடை என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு பண்டம்தான், பானை காலியானதும் கடையை மூடிவிடுவார்கள். ஃபோ அடிப்படையில் காலை உணவு. மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை எல்லாம் போட்டு இறக்கிய சாறு அது. பஃபே மேசையில் ஆறிப்போய்க் கிடப்பதை வைத்து அதைக் கணக்கிட வேண்டாம். இன்னொன்று, கடைக்காரர் முக்கால்வாசிதான் சமைக்கிறார், மிச்சம் நம் வேலை. மேசையில் பூண்டு ஊறிய வினிகர், மிளகாய், எலுமிச்சை இருக்கும், ஒவ்வொரு வாய்க்கும் ருசி பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பொரித்த மாவுக்குச்சியை முக்கித் தின்ன வேண்டும். அதுவும் வடக்கத்தி ஃபோ கொஞ்சம் அடக்கமானது. தெற்கே சைகோனில் முளைப்பயறும் ஒரு தட்டு நிறைய இலைதழையும் இனிப்புச் சாஸும் வைப்பார்கள், ஹனோய்க்காரர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஹனோய் ஃபோ சப்பென்று இருக்கிறது என்கிற உங்கள் புகாரைச் சைகோன்காரர்களும் சொல்வார்கள், ஆகவே உங்களுக்குத் துணை உண்டு.

மதியம் என்றால் புன் சா. கரியடுப்பில் சுட்ட பன்றிக்கறி, மீன் சாஸ் கலந்த புளிப்பு இனிப்புச் சாறு, சேமியா, கீரைகள். பதினொரு மணிக்கு மேல் அந்தப் புகை வரும் பக்கமாக நடந்தாலே கடை வந்துவிடும். 2016இல் ஒபாமா சாப்பிட்ட மேசையை ஒரு கடையில் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இடம்.

உங்கள் மனைவிக்கு வருகிறேன். அங்கே பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம், அதாவது அமாவாசையும் பௌர்ணமியும்தான். அதனால் 'சாய்' என்று பலகை போட்ட சைவக் கடைகள் ஊரெங்கும் உண்டு. அங்கே போனால் கவலையில்லை. மற்றக் கடைகளில் இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, வதக்கிய கீரையிலும் மீன் சாஸ் விட்டிருப்பார்கள். 1946இல் பால் தட்டுப்பாட்டின்போது ஒரு ஹோட்டல் ஊழியர் கண்டுபிடித்த முட்டைக் காப்பி உங்கள் மனைவிக்கு ஆகாது, நீங்கள் குடிக்கலாம்.

நடைபாதை விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை உண்டு. பழைய நகரத்து வீடுகள் முன்பக்கம் மிகக் குறுகலாகவும் உள்ளே நீள நீளமாகவும் இருக்கும். ஆக வாசலுக்கு முன்னால் இருக்கும் நடைபாதைதான் அவர்களுக்கு அடுப்படி, வண்டி நிறுத்துமிடம், திண்ணை எல்லாம். நடக்கத் தொந்தரவுதான், சரி. ஆனால் அந்தக் குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து ஐஸ் போட்ட வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தால், எந்த அருங்காட்சியகமும் வேண்டாம் என்று தோன்றும். சாலையைக் கடக்கும்போது மட்டும் ஓடாதீர்கள், திடீரென்று நிற்காதீர்கள், பின்வாங்கவே கூடாது. ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் ஸ்கூட்டர்கள் விலகிப் போகும்.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், 1070இல் கட்டிய இலக்கியக் கோயில். அங்கே கல் ஆமைகளின் முதுகில் 82 கல்வெட்டுகள், அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்கள். மாணவர்கள் பரீட்சைக்கு முன் ஆமைத் தலையைத் தடவித் தடவித் தேய்த்துவிட்டார்கள், இப்போது வேலி போட்டுவிட்டார்கள். அப்புறம் லாங் பியென் பாலம், பிரெஞ்சுக்காரர்கள் கட்டி 1902இல் முடித்தது, அமெரிக்கக் குண்டுகள் விழுந்தும் நிற்கிறது. நாடு முழுக்க வலதுபக்கம் ஓடும் வண்டிகள் அந்தப் பாலத்தில் மட்டும் நம் ஊர் போல இடதுபக்கம் போகும். வீடுகளை உரசிக்கொண்டு ரயில் போகும் ரயில் தெருவை விட்டுவிடலாம், படம் எடுக்கிற கூட்டம்தான்.

மறுபடி போனால் கையில் உள்ள நோட்டுகளைக் கவனியுங்கள். இருபதாயிரம் டாங், ஐந்து லட்சம் டாங் இரண்டுமே நீலம், தேநீர்க்கடை இருட்டில் ஒரே மாதிரி இருக்கும்.