மறுக்க வாய் வருவதில்லை

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன், வயது 41. யார் எதைக் கேட்டாலும் என்னால் மறுக்க முடிவதில்லை. நாத்தனார் சனிக்கிழமைதோறும் தம் இரு பிள்ளைகளையும் என்னிடம் விட்டுச் செல்கிறார். ஒருமுறை கால் வலி என்றேன். “பிள்ளைகள் டிவிதானே பார்ப்பார்கள் அண்ணி, நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்” என்றுவிட்டார். இப்போது கணவரின் சித்தப்பா மகன், தம் வங்கிக் கடனுக்கு என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார். கணவரைக் கேட்டால் “உன் விருப்பம்” என்கிறார். மறுத்தால் கெட்ட பெயர் வருமோ என்று தூக்கமே போய்விட்டது.

பதில்: சகோதரி, மற்றவை காத்திருக்கும், கையெழுத்து காத்திருக்காது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் அந்தச் சுமை ஜாமீன் போட்டவர் தலையில் விழும். செலுத்தப்படாத கடன் 15,000 வெள்ளியை எட்டினாலே நொடிப்பு (திவால்) வழக்குத் தொடுக்கச் சிங்கப்பூர்ச் சட்டம் இடமளிக்கிறது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தத் தொகையை உங்கள் சேமிப்பிலிருந்து கட்ட முடியாதென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் படித்த இடம் அந்தக் கால் வலிதான். அன்று நீங்கள் மறுக்கவில்லை, காரணம் மட்டும் சொன்னீர்கள். காரணத்தைக் கேட்டவர் அதற்கொரு வழி சொல்லிவிட்டார், அதன்பின் மறுப்பதற்கு உங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. நாத்தனாரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் உங்களுக்கு விருப்பமில்லை என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. “இனி எல்லாச் சனிக்கிழமையும் என்னால் பார்த்துக்கொள்ள முடியாதம்மா, மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் அனுப்பி வை” என்று சொல்லிப் பாருங்கள். ஏன் என்று கேட்டால், புதுக் காரணம் தேடாமல், குரலை உயர்த்தாமல், அதே வாக்கியத்தையே திரும்பச் சொல்லுங்கள். கீறல் விழுந்த இசைத்தட்டு என்றே இந்த முறைக்கு உளவியல் பயிற்சிகளில் பெயர் உண்டு.

பதற்றமும், மனத்தில் உள்ளதைத் துணிந்து சொல்லும் செயலும் ஒருவரிடம் ஒரே நேரத்தில் நிலைத்திருக்க இயலாது என்று மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பே 1950களில் கருதினார். அச்சம் விலகிய பிறகு பேசலாம் என்று காத்திராமல், பேசிப் பேசியே அச்சத்தைத் தளர்த்தும் பயிற்சியை அவர் அந்த அடிப்படையில்தான் அமைத்தார். கையெழுத்து விஷயம் தவிர, இந்தப் பயிற்சியை உறவில் தொடங்காதீர்கள், எளிதான இடத்தில் பழகுங்கள். தேக்கா சந்தையில் வாடிய கீரைக்கட்டு உங்கள் பைக்குள் போகும்போது, “இது வேண்டாம் அண்ணே, வேறு கொடுங்கள்” என்று சொல்வதில் தொடங்குங்கள். உடனடியாகப் பதில் கேட்பவர்களிடம் “நாளை சொல்கிறேன்” என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். வாய் தவறி வரும் ‘சரி’களில் பாதி அந்த ஓர் இரவிலேயே நின்றுவிடும்.

சிலர் முகம் கோணத்தான் செய்வார்கள். இத்தனை ஆண்டுகள் கிடைத்தது நின்றுபோனால் யாருக்கும் வருத்தம் இருக்கும். தூக்கமின்மை நீடித்தால் 24 மணி நேரமும் இயங்கும் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழையுங்கள், தயங்க வேண்டாம்.

உங்கள் கணவரின் “உன் விருப்பம்” எனக்கு ஏற்புடையதாக இல்லை. கடன் கேட்பவர் அவருடைய தம்பி. “கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், அதை உங்கள் தம்பியிடம் நாம் இருவரும் சேர்ந்தே சொல்வோம்” என்று இன்றே அவரிடம் சொல்லுங்கள்.