ஊசிச் சம்மதப் பாரம், எம்.சி., இன்ஹேலர்: பெற்றோர் கேட்டவை

பள்ளி திறந்த கையோடு வந்த கடிதங்கள் இவை. ஊசியைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள்.

கே: மகன் ஒன்றாம் ஆண்டு சேர்கிறான். வீடு மாறும்போது ஊசிப் புத்தகம் தொலைந்துவிட்டது. பள்ளியில் சேர்ப்பார்களா?

ப: சேர்ப்பார்கள். நம் மலேசியாவில் தடுப்பூசி சட்டப்படி கட்டாயமில்லை. அதற்காக அப்படியே விட்டுவிடாதீர்கள். பிறப்புப் பத்திரத்தோடு, ஊசி போட்ட கிளினிக்குக்கே போய்க் கேளுங்கள், அவர்களிடம் பதிவு இருந்தால் புதுப் புத்தகத்தில் எழுதித் தருவார்கள். ஒன்றாம் ஆண்டில் பள்ளியிலேயே இன்னும் ஊசி இருக்கிறது, தட்டம்மை-ருபெல்லாவுக்கு ஒன்று, டிப்தீரியா-டெட்டனஸுக்கு ஒன்று. முன்பு போட்டது எது என்று தெரிந்தால்தான் மிஸ்ஸிக்கு (தாதிக்கு) வேலை சுலபம். புது புத்தகம் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கே: என் பிள்ளைக்கு அலர்ஜி இருக்கிறது. பள்ளியில் என்ன செய்வது?

ப: எதற்கு அலர்ஜி? இறாலா, கடலையா, மருந்தா? அரிப்பு மட்டுமா, மூச்சும் திணறுமா? பிள்ளைக்கு என்ன வயது? ஒன்றையும் எழுதவில்லை. வகுப்பாசிரியருக்கும் இப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டாக்டர் கடிதம் வாங்கி, ஒரு நகல் வகுப்பாசிரியருக்கு, ஒன்று அலுவலகத்துக்குக் கொடுங்கள். பள்ளியில் ஆர்.எம்.டி. (அரசாங்க உணவுத் திட்டம்) சாப்பாடு சாப்பிடும் பிள்ளையாக இருந்தால் கெண்டின்காரருக்கும் தெரிய வேண்டும். உங்கள் கைப்பேசி எண் மாறினால் பள்ளியில் மாற்றுங்கள்.

கே: லேசான காய்ச்சல்தான். பனடோல் கொடுத்து அனுப்பலாமா? இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம்.

ப: உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். பனடோல் நாலு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஆறு மணி நேரம் தாங்கும். காலை ஆறுக்குக் கொடுத்தால் ஓய்வு நேரம் முடியும்போது பிள்ளை மறுபடி கொதிக்கும், அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்த நாலு பேருக்கும் ஒட்டியிருக்கும். மருந்தில்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும், அப்புறம் அனுப்புங்கள். தோட்டப் பக்கம் டெங்கி இருக்கும் காலத்தில் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் நீங்களாகக் கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

கே: மகள் முதலாம் படிவம். எச்.பி.வி. ஊசி போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

ப: பொய். குழந்தைப் பேற்றுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான ஊசி இது. கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுசாக வேலை செய்யும், அதனால்தான் 13 வயதில் போடுகிறார்கள். 2010-லிருந்து பள்ளிகளில் இலவசம். தனியாரில் போட்டால் சில நூறு ரிங்கிட் ஆகும். ஆரம்ப வருடங்களில் போட்டுக்கொண்ட பிள்ளைகள் இப்போது இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டார்கள். கல்யாணமாகி, இடுப்பில் குழந்தையோடு அதே கிளினிக்குக்கு வருகிறார்கள்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறொன்றில் இருக்கிறது: சம்மதப் பாரம், ஊசிக்கு முன்னால் பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய தாள். பள்ளி சுகாதாரக் குழுவில் மிஸ்ஸியாக இருந்த காலம் முழுக்கப் பார்த்தது இதுதான். ஐஸ் பெட்டியில் மருந்து வந்து இறங்கியிருக்கும், மேசை போட்டிருக்கும், பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை திருதிருவென்று விழிக்கும். பாரம் எங்கேம்மா என்றால் பையின் அடியிலிருந்து கசங்கி வரும், மேலே சம்பல் கறை, அம்மா கண்ணிலேயே பட்டிருக்காது. இன்னும் சில பாரத்தில் கையெழுத்து இருக்கும், சம்மதமா இல்லையா என்ற இடத்தில் குறி இருக்காது. குறி இல்லாமல் ஊசி போட முடியாது. அந்தப் பிள்ளையை அப்புறம் அம்மாதான் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும், தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் போய்விடும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி ஊசியே விட்டுப்போகும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று குறித்து அனுப்புங்கள், யாராவது உங்களைக் கூப்பிட்டுப் பேசவாவது வழி இருக்கும். பாரம் பையிலேயே கிடந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தினமும் சாயங்காலம் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். மூன்றாம் படிவத்தில் டெட்டனஸ் ஊசிக்கும் இதே கதைதான் நடக்கிறது.

கே: பேன் ஒழியவே மாட்டேன் என்கிறது.

ப: வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள், வாரம் கழித்து மறுபடியும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

கே: பிள்ளை உடம்பு சரியில்லாமல் பள்ளிக்கு வராவிட்டால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கட்டாயம் வேண்டுமா?

ப: வாங்கிவிடுங்கள், அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான். காரணம் சொல்லாமல் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும். எம்.சி.யையும் போனில் படம் எடுத்து வையுங்கள், அந்தச் சின்னத் தாள் எப்படியும் தொலையும்.

கே: ஐந்தாம் ஆண்டு மகனுக்கு இளைப்பு (ஆஸ்துமா). செகாக் சோதனையில் (பள்ளி உடல்தகுதிச் சோதனை) கலந்துகொள்ளலாமா?

ப: இளைப்பு கட்டுக்குள் இருந்தால் கலந்துகொள்ளலாம், ஆனால் அதை டாக்டர் எழுதித் தரட்டும். நீல இன்ஹேலர் பையின் வெளிப்பக்கத்து ஜிப்பில் இருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் பூட்டி வைத்தால் திடலில் மூச்சு முட்டும்போது யார் சாவி தேடுவது? மருந்து மிச்சம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், காலி டப்பாவோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். புகைமூட்டக் காலத்தில் காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தொட்டால் வெளி நடவடிக்கை கிடையாது, 200-ஐத் தொட்டால் பள்ளியையே மூடுவார்கள். உங்கள் மகன் 100 வரை காத்திருக்க வேண்டாம்.

கே: பிறந்தபோது ஜி6பிடி குறைபாடு என்றார்கள். ஏழு வயதாகிறது, நன்றாகத்தான் இருக்கிறான். பள்ளியில் சொல்ல வேண்டுமா?

ப: கட்டாயம் சொல்லுங்கள். சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி ரத்தத்தில் குறைவாக இருப்பதுதான் இது, வளர வளரப் போகிற விஷயம் இல்லை, கூடவே இருக்கும். சில மருந்துகள், காச்சாங் பாராங் (ஃபாவா அவரை), அந்துருண்டை மூன்றும் ஆகாது. லீவுக்கு மடித்து வைத்த பள்ளிச் சட்டையை அந்துருண்டை போட்ட அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவே போதும் சிவப்பணு உடைவதற்கு. அலமாரியிலிருந்து உருண்டையை எடுத்துப் போடுங்கள், துணியை நன்றாகத் துவைத்துக் காயவைத்து மாட்டுங்கள். குறைபாட்டை எழுதியிருக்கும் புத்தகப் பக்கத்தை நகல் எடுத்து வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். உடம்பு மஞ்சளித்தாலோ மூத்திரம் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ மறுநாள் வரை பார்க்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், எந்த மருந்து எழுதினாலும் ஜி6பிடி என்று முதலில் சொல்லுங்கள்.