மான் குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கலாமா?

கேள்வி: காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு மான் பாய்ந்தது. என் கணவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். மான் தப்பியது. கார் மண்ணில் இறங்கி, ஒரு மரத்தை ஒட்டிப் போய் நின்றது. அவர் செய்தது சரிதானா என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம். நீங்கள் சொல்லுங்கள் ஐயா.

இருவருக்கும் அடிபடவில்லை என்பதே பெரிய ஆறுதல் அம்மா. ஆனால் இனி ஒடிக்கவே வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கனரக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: மான் வந்தால் காலுக்குத்தான் வேலை, கைக்கு இல்லை. பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஹாரனை ஒரே மூச்சில் நீளமாக அடியுங்கள். பாதி தூரம் வந்த மான் மிரண்டு திரும்பி ஓடும். நீங்கள் எந்தப் பக்கம் ஒடித்தீர்களோ அதே பக்கம் அதுவும் வரலாம். மானில் மோதினால் பெரும்பாலும் முன்பக்கம் நசுங்குவதோடு போகும். மரமோ, பள்ளமோ, எதிரே வரும் லாரியோ உயிரைக் கேட்கும். கடமான் போல உயரமும் எடையும் உள்ள மான் என்றால் மோதலே ஆபத்துதான். அதன் உடம்பு கண்ணாடி மேலேயே வந்து விழும். அப்போதும் முதலில் வேகத்தைக் கொல்ல வேண்டும்.

இதை விட முக்கியமானது அதற்கு முந்தைய வேகம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மானைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்தால், அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலை, நல்ல டயர் என்றாலும் நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். ஆக, கிட்டத்தட்ட 70 மீட்டர். டிம் வெளிச்சத்தில் அத்தனை தூரத்தில் நிற்கும் பழுப்பு நிற மான் எங்கே தெரியப்போகிறது? 50-க்குக் குறைத்தால் அந்த 70 பாதியாகிவிடும். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் போட்டு ஓட்டுங்கள். சாலையோரத்தில் இரண்டு புள்ளிகள் மின்னினால் அது மானின் கண். வரிசையாக மின்னும் ரிஃப்ளெக்டர்களில் ஒன்று சட்டென்று மறைந்து திரும்பத் தெரிந்தால், அதன் முன்னால் ஏதோ கடந்திருக்கிறது. உடனே காலைத் தூக்குங்கள். அந்தியிலும் விடியற்காலையிலும் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

அப்புறம், ஒரு மான் கடந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பின்னால் இன்னொன்று வரும், குட்டியும் வரலாம். முன்னால் போனதைத் தொடர்ந்து ஓடுவதுதான் அவற்றுக்குத் தெரியும். வண்டியைப் பார்த்து முடிவெடுக்காது.

கேள்வி: பம்பரில் மாட்டும் மான் விசில் வாங்கலாமா?

வேண்டாம். சாலையோர மான்களிடம் சோதித்துப் பார்த்ததில் அந்தச் சத்தத்துக்கு அவை விலகிப் போகவில்லை. விசில் இருக்கிற தைரியத்தில் வேகமாகப் போவீர்களே என்பதுதான் என் பயம். உண்மையில் பலன் தந்தது வேலியும், விலங்குகளுக்கென்று கட்டிய பாலமும் சுரங்கப்பாதையும்தான். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா வழியே போகும் நெடுஞ்சாலையில் இவற்றை அமைத்த பிறகு விலங்கு மோதல்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. உங்கள் பாதையில் அது இல்லையென்றால், மான் படம் போட்ட பலகையை மதியுங்கள்.

கேள்வி: நான் பைக்கில் போகிறவன். எனக்கும் இதே பதில்தானா?

ஆமாம் தம்பி, இன்னும் கண்டிப்பாக. காரில் நசுங்கும் முன்பக்கம் உங்களுக்கு உங்கள் உடம்புதான். வண்டியைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். ஹெல்மெட்டின் பட்டையைப் பூட்டுங்கள். இருட்டிய பிறகு வேறு வழி இருந்தால் அதில் போங்கள்.

கேள்வி: மோதிவிட்டது, மான் உயிரோடு கிடக்கிறது. தண்ணீர் கொடுக்கலாமா?

கிட்டே போகாதீர்கள். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் அதன் கண்ணுக்கு நீங்கள் வேட்டையாட வந்தவர். பயத்தில் உதைக்கும், கொம்பால் குத்தும். எழுந்து ஓடப் பார்த்து உடைந்த காலை இன்னும் உடைத்துக்கொள்ளும். வண்டியை ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, சாலையை விட்டுத் தள்ளி நின்று வனத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் சீக்கிரம் வந்துசேர்வார்கள். காப்பீட்டுக்கு வண்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது.

கிளம்பும் முன் கீழே குனிந்து பாருங்கள். ரேடியேட்டரிலிருந்து நீர் சொட்டுகிறதா, வளைந்த தகடு டயரில் உரசுகிறதா, பானெட் பூட்டு பிடிக்கிறதா? எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் மெதுவாகப் போய், வெப்ப அளவு காட்டும் முள்ளைக் கவனியுங்கள். அது ஏறத் தொடங்கினால் இன்ஜினை அணைத்துவிட்டு, இழுத்துப்போக வண்டிக்குச் சொல்லுங்கள்.