எல்.பி. (கேரளத் தொடக்கப்) பள்ளியில் கிரேடு மட்டும் சொல்கிறார்கள், விடைத்தாளைக் கேட்கலாமா?

மகள் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு, ஓணப் பரீட்சையில் கணக்குக்கு 'சி' என்று மட்டும் சொன்னார்கள், மேற்கொண்டு கேட்டால் டீச்சர் தப்பாக எடுத்துக்கொள்வாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகக் கேளுங்கள். நானும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான். இங்கே ஓணம், கிறிஸ்துமஸ், மார்ச் என்று வருஷத்துக்கு மூன்று பரீட்சை. ஒவ்வொன்றும் முடிந்ததும் கிளாஸ் பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் கூட்டம்) கூட்டுவார்கள். பேப்பரைப் பெற்றோருக்குக் காட்டுவதே அந்தக் கூட்டத்தின் முக்கியமான வேலை. ஆனால் பாதிப் பேர் கையெழுத்தைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறோம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அரை நாளை விட்டுவிட்டு வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கிரேடை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 75-லிருந்து மேலே எல்லாம் 'ஏ', 60-லிருந்து 74 வரை 'பி', 45-லிருந்து 59 வரை 'சி'. 76 வாங்கின பிள்ளைக்கும் 98 வாங்கின பிள்ளைக்கும் ஒரே எழுத்துதான். சரி, மார்க்கைக் கேட்டு வாங்கினால் தெரியுமா? அதுவும் இல்லை. '52' என்றால் எந்த 48 போனது என்று யார் சொல்வது? விடைத்தாள்தான் சொல்லும்.

என் சின்னவனுக்கும் மூன்றாம் வகுப்பில் கணக்குக்கு 'சி'தான். பேப்பரை வாங்கிப் புரட்டினேன். கூட்டல் எல்லாம் சரி, படம் பார்த்து எழுதுவது சரி. கழித்தலில் மட்டும் வரிசையாகச் சிவப்பு மை. 302-லிருந்து 147 போனால் 245 என்று எழுதியிருந்தான். கவனக்குறைவு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கணக்கிலும் அதே மாதிரி: மேலே இருப்பது கீழே இருப்பது என்று பார்க்காமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். 7-ல் 2 போனால் 5, 4-ல் 0 போனால் 4, 3-ல் 1 போனால் 2. அவன் போட்ட வழியில் கணக்குப் பிசகவே இல்லை, வழிதான் தப்பு. கடன் வாங்கிக் கழிப்பது, அதுவும் நடுவில் பூஜ்யம் வந்தால், அவன் மண்டையில் ஏறவே இல்லை.

டீச்சரிடம் காட்டினதும் அவரே, "இதே தப்பு இன்னும் நாலைந்து பேர் பண்ணியிருக்காங்க" என்றார். வீட்டில் மூன்று நூறு ரூபாய் நோட்டையும் இரண்டு ஒரு ரூபாய்க் காசையும் கையில் கொடுத்து, "இதில் எனக்கு 147 ரூபாய் கொடு" என்றேன். முழித்தான். அப்புறம் அவனே ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றித் தரச் சொன்னான், அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கினான். டியூஷன் எதற்கும் அனுப்பவில்லை.

கேட்கிற விதம் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். "ஏன் மார்க் குறைந்தது?" என்று ஆரம்பித்தால் எந்த டீச்சரும் தன்னைக் குற்றம் சொல்வதாகத்தான் நினைப்பார். "டீச்சர், பேப்பரைக் கொஞ்சம் பார்க்கட்டுமா, எங்கே தடுமாறுகிறாள் என்று தெரிந்தால் வீட்டில் சொல்லிக் கொடுப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்க வேண்டாம். அங்கே ஒருவர் கேட்டால் பத்துப் பேர் தங்கள் பிள்ளையின் கிரேடைப் போடுவார்கள், மீதிப் பேர் பிள்ளையை அடிப்பார்கள். முதல் ரேங்க் யார் என்று விசாரிப்பதும் இந்த வயசுக்கு வேண்டாத வேலை.

பொள்ளாச்சியில் என் நாத்தனார் மகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்கிற தமிழ்நாடு அரசின் தொடக்க வகுப்புத் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடக்கிறது. விசேஷத்தில் கூடினால் "உங்க பையன் ஏ-வா? இவ இன்னும் மொட்டுதான்" என்று ஒரு புலம்பல். இரண்டையும் ஒப்பிடவே முடியாது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்!

பள்ளியில் காட்டவே மறுத்தால் ஹெட்மாஸ்டர், அதற்கு மேல் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) ஆபீஸ். தேர்வு எழுதியவர் திருத்தின தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் மூன்றாம் வகுப்புக் கணக்குப் பேப்பருக்கு மனு எழுதி, 30 நாள் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குள் கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் பாடம் ஓடிவிடும். பயப்படவும் ஒன்றுமில்லை: 2019-ல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதுகூட, பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்த வழி விட்டது ஐந்துக்கும் எட்டுக்கும்தான், மூன்றுக்கு இல்லை.

போகும்போது மகளின் கணக்கு நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். நோட்டில் சரியாகப் போட்டிருந்து பரீட்சையில் மட்டும் தப்பு என்றால், அவள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். அதையும் டீச்சரிடமே கேட்டுவிடுங்கள்.